காலைப் பாசுரக் குழுவில் நான் விற்ற வீடு

கார்த்திகை மாதம், காலை ஏழு மணி. அன்றைய பாசுரத்தைப் பாடிப் பதிவுசெய்து, பொருளும் எழுதி, எங்கள் வாட்ஸாப் குழுவில் இட்டுவிட்டுக் காபியைக் கையில் எடுத்தேன். சுப்பையாவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு வீடியோ வந்தது. எட்டு மாதங்களுக்கு முன் நான் அவருக்கு விற்ற வீட்டின் கூடம் அது. கட்டிலின் கால்கள் தெரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சமையலறையை நோக்கி மிதந்து போய்க்கொண்டிருந்தது. கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "சாமி, விடியக்காலையில இருந்து ஏறிட்டே இருக்கு. யாரைக் கூப்பிடணும்?"

அம்பத்தூரில் இருபத்தாறு ஆண்டுகளாக வீடு, மனைத் தரகு செய்கிறேன். இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆன்லைனில் ஆள் பிடிப்பது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த எல்லா வழிகளையும்விட நன்றாகப் பலித்தது ஒன்று உண்டு. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்கிறேன்.

1. எங்கள் பருவம்

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. வீடு பார்க்க ஒருவரும் வருவதில்லை. தை பிறந்தால் போன் ஓயாது. சித்திரை வரை ஓட்டம்தான். ஆகவே எங்கள் வியாபாரம் முழுவதும் தரை காய்ந்து கிடக்கும் மாதங்களில் நடக்கிறது. மழைக்காலத்தில் ஒரு தெரு எப்படி இருக்கும் என்பதை வாங்குகிறவர் பார்ப்பதே இல்லை. பார்த்தவன் தரகன் மட்டும்தான்.

மேனாம்பேட்டுக்கு அப்பால், ஒரு கால்வாயை ஒட்டிய தெருவில் அந்த வீடு. விற்பதற்கு முந்தைய மழையில் வேறொரு வேலையாக அங்கே போய், தேங்கிய தண்ணீரைக் கண்டு தெருமுனையிலேயே ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்தவன் நான். மாசியில் உரிமையாளர் சுவர்களுக்குப் புது வண்ணம் அடித்தார். என்னோடு சேர்ந்து தொழில் செய்யும் தேவராஜ் உடனே வீடியோ எடுக்கச் சொன்னான்.

"இப்ப எட்த்துடு சாமி. ரோடு சும்மா பளபளன்னு கீது. பார்ட்டி கேட்டா நீ ஒன்னியும் பேசாத. உன் நெத்தி நாமத்தப் பாத்தாலே அட்வான்ஸ எட்த்து நீட்டிடுவான்."

சிரித்தேன். அவன் சொன்னது பொய்யில்லை என்பதால் சிரித்தேன்.

2. குழு

என் தந்தையார் பாசுரங்களை எனக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பழக்கத்தால் தினமும் ஒரு பாட்டைப் பாடி, எளிய நடையில் பொருள் எழுதி அனுப்பத் தொடங்கினேன். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று இருநூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். குழுவில் வியாபாரம் பேசக் கூடாது என்ற விதியை எழுதியவனும் நானே. ஊறுகாய் விளம்பரம் போட்ட ஒரு அம்மாளை அந்த விதியின்படி நீக்கியும் இருக்கிறேன்.

அந்த மாசியில், பாசுரத்தின் பொருளுக்குக் கீழே ஒரு கோடிட்டு, வீட்டின் வீடியோவைப் போட்டேன். "அடியார்களுக்கு முன்னுரிமை" என்று எழுதினேன். சொத்து விற்கும் இணையதளங்களில் இரண்டு மாதம் காத்திருந்தால் வரும் அழைப்புகள் எனக்கு ஒரே முற்பகலில் வந்தன. யாரும் பேரம் பேசவில்லை. யாரும் வேறு தரகரிடம் விசாரிக்கவில்லை.

முதலில் அழைத்தவர் சுப்பையா. தென்காசிப் பக்கத்துக்காரர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து அந்தத் தையில் ஓய்வுபெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அவருக்குச் சில மாதங்களே அவகாசம் இருந்தது. ஓய்வூதியப் பலன் முழுவதும் அந்த ஒரு வீட்டுக்குத்தான்.

3. மீட்டர் பெட்டி

வீடு பார்க்க மனைவி வடிவு அம்மாளையும் அழைத்துவந்தார். அவர் கூடத்தைப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், பிறகு வாசலில் நின்று மின்சார மீட்டரைப் பார்த்தார்.

"இதென்ன, இம்புட்டு உசரத்துல மாட்டியிருக்கு? எங்க குவார்ட்டர்ஸ்ல இடுப்பளவுதானே இருக்கும்."

அந்தத் தெருவில் எல்லா வீடுகளிலும் மீட்டர் தலைக்கு மேலேதான் இருந்தது. தண்ணீர் ஏறிப் பழகிய தெருக்களில் அப்படித்தான் மாற்றி மாட்டுவார்கள். எங்கள் தொழிலில் அதைப் பார்த்தவுடனே தெரிந்துகொள்வோம்.

"பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது என்பதற்காக, அம்மா" என்றேன்.

சுப்பையா மனைவியைக் கடிந்துகொண்டார். "சாமிகிட்ட போயி குறுக்கு விசாரணை பண்ணுதியே. தெனம் பாட்டுக்கு அர்த்தம் சொல்றவரு, நமக்கா தப்பாச் சொல்லுவாரு?"

பங்குனியில் பத்திரம் பதிந்தோம்.

4. கூடத்தில்

கார்த்திகையில் அந்த வீடியோ வந்ததும் தேவராஜுக்குப் போன் செய்தேன். "வித்து முடிச்சாச்சு, இன்னாத்துக்கு சாமி அங்க போற? போன ஆஃப் பண்ணிட்டு படு" என்றான். நான் போனேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். வடிவு அம்மாள் கட்டிலின் மேல் நின்று, நனைந்த அரிசி மூட்டையை அலமாரி மேல் ஏற்ற முயன்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"வாங்க. பிள்ளைங்க கைக்கு எட்டக் கூடாதுன்னுதானே மீட்டர மேல வச்சாங்க? இந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு பிள்ளைங்கதான் போல."

"வடிவு, சும்மா இரி. சாமிக்கு மட்டும் தெரியுமாக்கும். வித்தவன் அவரையும்ல ஏமாத்திட்டான்" என்றார் சுப்பையா. பிறகு என்னைப் பார்த்து, "அப்படித்தானே சாமி?" என்றார்.

நான் தலையசைத்தேன். மீட்டரைப் பற்றிச் சொன்ன பொய் அவசரத்தில் வாயில் வந்துவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். இந்தத் தலையசைப்புக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது.

அன்று மாலை சுப்பையா நடந்ததைக் குழுவில் எழுதினார். எந்தத் தரகர் விற்றது என்று ஒருவர் கேட்டார். "சாமியை யாரும் குறை சொல்ல வேண்டாம், அவரும் ஏமாந்தவர்தான்" என்று பதில் போட்டார். எனக்கு ஆறுதல் சொல்லி முப்பது பேர் எழுதினார்கள். மூன்று நாட்கள் அந்த ஆறுதல்களை வாங்கிக்கொண்டு, காலையில் வழக்கம்போல் பாசுரமும் போட்டேன்.

நான்காம் நாள் வரிசைப்படி வந்த பாசுரத்தில், தன்னினும் கீழானவன் எவனும் இல்லை என்று அடியார் இறைவனிடம் முறையிடுகிறார். அதற்கு நான் எத்தனையோ முறை பொருள் எழுதியிருக்கிறேன். அது அடக்கத்தால் சொன்னது, உண்மையில் அவரிடம் குற்றமில்லை என்றுதான் எப்போதும் எழுதுவேன். அன்று அந்த வாக்கியத்தைப் பாதிவரை எழுதினேன். அழித்துவிட்டு, தெருவில் தண்ணீர் ஏறும் என்பது எனக்கு முன்பே தெரியும், மீட்டரைப் பற்றி நான் சொன்னது பொய், சுப்பையாவின் எதிரில் தலையசைத்ததும் பொய் என்று எழுதி அனுப்பினேன்.

சிலர் வைதார்கள். சிலர் என் நேர்மையைப் பாராட்டினார்கள். அதைப் படிக்கக் கூசியது. ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பி, அவ்வளவு தண்ணீர் ஏறுமென்றால் அந்த வீடு இப்போது மலிவாக வருமா என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, சுப்பையா குழுவிலிருந்து வெளியேறினார் என்ற சாம்பல் நிற வரி திரையில் தோன்றியது. குழுவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் விலகினேன்.

5. இப்போது

என் தரகுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதைக்கொண்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு ஓர் அறை கட்டிக்கொண்டார்கள். வீட்டை விற்றுத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "எங்களுக்குச் சொன்ன மாதிரி இன்னொருத்தருக்குச் சொல்லியா?" என்றார் வடிவு அம்மாள். அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

இளைய தரகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மழைக்காலத்தில் சும்மா இருக்காதீர்கள். விற்க எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் கார்த்திகையில் போய் நின்று வீடியோ எடுங்கள். தையில் விளம்பரம் போடும்போது அதையும் சேர்த்துப் போடுங்கள். வாங்குகிறவர் கேட்காமல் விட்ட கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லுங்கள். உங்களை வேறு ஒரு காரணத்துக்காக நம்புகிறவரிடம் வீடு விற்காதீர்கள். அவர் எதையுமே விசாரிக்க மாட்டார். இப்படிச் செய்யத் தொடங்கியபின் எனக்கு விற்பனை பாதியாகிவிட்டது. தேவராஜ் தனியாகப் போய்விட்டான்.

இந்த ஐப்பசியில் முதல் மழைக்கு முன்பு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பீரோவை மாடிக்கு ஏற்ற அவர்கள் இருவரால் முடியாது என்று எனக்குத் தெரியும். வடிவு அம்மாள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனார். சுப்பையா பீரோவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க புரோக்கர் சார்" என்றார். "படி குறுகலா இருக்கு, பாத்து வாங்க."

பிடித்தேன்.