கோடைக்கால பி.எட். வகுப்பில் நான் செய்த வேலை

1. ஒன்பதாம் வகுப்பு யாருக்கு?

பதினெட்டு வருடம் அறிவியல் நடத்திய பிறகுதான், நான் முறைப்படி ஆசிரியை இல்லை என்று எழுத்தில் வந்தது. எங்கள் பள்ளி சிவகாசிக்கு வெளியே இருக்கும் தனியார் பள்ளி. எம்.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தேன். பி.எட். எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருநாள் எங்கள் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்தார். பி.எட். இல்லாதவர்களை உயர்நிலை வகுப்புகளுக்கு அனுப்பக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் கரஸ்பாண்டெண்ட் கூப்பிட்டார். அவர் காலண்டர் அச்சகமும் நடத்துகிறவர். பள்ளியையும் அப்படியே நடத்துவார், எல்லாம் சீசனுக்குள் முடிய வேண்டும் அவருக்கு.

"விஜயா டீச்சர், வேலை பாக்குற டீச்சர்களுக்குன்னே சிவகாசில ஒரு சென்டர் நடத்துறாக. கோடை லீவுல, சாயங்காலம் நாலு மணியிலருந்து ஏழு மணி வரைக்கும். ரெண்டு கோடை போனீகன்னா முடிஞ்சு போகும்."

"சரிங்க சார்."

"மாரீஸ்வரியும் வருது. உங்களுக்குப் பேச்சுத் துணைக்கும் ஆச்சு."

மாரீஸ்வரி எங்கள் லேப் அட்டெண்டர். எம். புதுப்பட்டிக்காரி. லீவு நாளெல்லாம் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டே கல்லூரி முடித்தவள். ஐந்து வருடமாக நான் எடுத்துவைக்கச் சொன்னதை எடுத்துவைப்பாள், டெஸ்ட் டியூப் கழுவுவாள்.

"அது எதுக்கு சார்? லேப்ல இருக்கதுக்கு பி.எட். வேணுமா?" என்று கேட்டேன்.

"அதுவும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதானம்மா. படிச்சிட்டு வரட்டும். ஒம்பதாங்கிளாஸ் சயின்ஸ் யாருக்குன்னு பிராக்டிகல் மார்க்கு வந்ததும் பாத்துக்கிடுவோம்."

ஒன்பதாம் வகுப்பு சயின்ஸ் என்னுடையது. பத்தாம் வகுப்பு எடுக்கும் சார் ஓய்வு பெறும் நிலையில் இருந்தார், அவருக்குப் பிறகு அதுவும் எனக்குத்தான் என்று பள்ளி முழுக்கத் தெரியும். அந்த இடத்துக்கு என்னையும், என் பின்னால் பீக்கர் எடுத்து வருகிற பெண்ணையும் ஒன்றாக நிறுத்திவைத்துப் பார்க்கப் போகிறார்களாம். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் துணி துவைத்தேன். அவ்வளவு கோபம்.

2. வாடகைப் பிள்ளைகள்

முதல் கோடை தியரியிலேயே ஓடிவிட்டது. உளவியல், கல்வித் தத்துவம், நோட்ஸ், ரெக்கார்டு. அதில் நான் நன்றாகவே இருந்தேன். வினை இரண்டாவது கோடையில் வந்தது.

இரண்டாவது கோடையில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நடத்துவதற்குப் பிள்ளைகள் வேண்டுமே? பள்ளிக்கூடமெல்லாம் லீவு. முப்பது டீச்சர்களும் ஒருவருக்கொருவர் நடத்திப் பார்த்தோம், சிரிப்பாகத்தான் இருந்தது. நாற்பத்தைந்து வயது ஆள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், ஒளிச்சேர்க்கைன்னா என்ன?" என்று கேட்டால் யாருக்குத்தான் பாடம் வரும்?

மாரீஸ்வரிதான் எழுந்து, "எங்க ஊர்ல பிள்ளைக சும்மாதான் இருக்கு மேடம். கூட்டியாரவா?" என்று கேட்டாள். எங்களுக்கு வகுப்பெடுத்த பேராசிரியை மேடத்துக்கு வாயெல்லாம் பல். எங்கள் கரஸ்பாண்டெண்ட் பள்ளி வேனைக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலமே எட்டாம் வகுப்புக்குப் போகப் போகிற பதினெட்டுப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் அம்மா அப்பா பட்டாசுக் கம்பெனியிலோ தீப்பெட்டி ஆபீசிலோ வேலை. ஆளுக்கொரு பஃப்சும் ஜூசும் கொடுத்து உட்காரவைத்தால் ஏழு மணி வரை அசையாமல் இருந்தார்கள். வாடகைப் பிள்ளைகள் என்று நாங்கள் கேலியாகச் சொல்வோம்.

முதலில் ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நடத்த வேண்டும். எனக்கு வந்தது கேள்வி கேட்கும் திறன். நான் கேட்டேன், பிள்ளைகள் பதில் சொன்னார்கள், தப்பாகச் சொன்னவனைத் திருத்தினேன். முடித்துவிட்டு மேடத்தைப் பார்த்தேன்.

"விஜயா, நீங்க பத்தொம்பது வருசம் டீச்சரா இருந்திருக்கீக. அது நல்லாத் தெரியுது," என்றார்.

நான் சிரித்தேன்.

"பிரச்சினையே அதுதான். பதிலக் கையில வச்சிக்கிட்டுத்தான் கேள்வி கேக்கீக. பிள்ளைகளுக்கு அது புரிஞ்சு போகுது."

அடுத்து மாரீஸ்வரி நடத்தினாள். பிள்ளைகள் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கேள்வி கேட்டுவிட்டு நிஜமாகவே தெரியாதவள் போல நின்றாள். பாண்டிமீனா என்று ஒரு வாயாடிப் பெண், எழுந்து பதில் சொன்னதோடு நிற்காமல் அவளையே திருப்பிக் கேள்வி கேட்டது. மேடம் நோட்டில் ஏதோ எழுதி அடிக்கோடு போட்டார். இரண்டு கோடு. நான் எண்ணினேன்.

அன்றிலிருந்து எனக்கு அவளிடம் எதுவுமே பிடிக்காமல் போயிற்று. அவள் சார்ட் வரைவது, கையெழுத்து, முதல் பெஞ்சில் உட்காருவது, மேடம் பேர் சொல்லிக் கூப்பிடும்போது அவள் முகத்தில் வருகிற அந்த வெளிச்சம். இதற்குப் பெயர் பொறாமை என்று எனக்குத் தெரியும். என் வேலையை நான் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

3. முந்தின நாள்

வெளியாட்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பி.எட்.டில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் காட்டுகிற பாடத்திட்டத்தில் முதல் படிக்கு ஊக்குவித்தல் என்று பெயர். தலைப்பை டீச்சர் சொல்லக் கூடாது. சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டுப் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போய், தலைப்பைப் பிள்ளைகள் வாயிலிருந்தே வரவைக்க வேண்டும். அதற்குத் தனி மார்க். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாடம் தெரிந்திருந்தால் முதல் கேள்வியிலேயே தலைப்பைக் கத்திவிடுவார்கள். அந்தப் படி போச்சு. பாடம் முழுக்க ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் இறுதிப் பிராக்டிகலுக்கு யார் எந்தப் பாடம் எடுக்கிறார்களோ, அந்தப் பாடத்தை வேறு யாரும் அந்தப் பிள்ளைகளுக்கு நடத்தக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம்.

மாரீஸ்வரியின் பாடம் எரிதல். என்னுடையது அமிலங்களும் காரங்களும். அவள் பாடத்திட்டத்தை என்னிடம்தான் காட்டினாள். "சமையலறையிலருந்து ஆரம்பிக்கேன் டீச்சர். அடுப்பு, விறகு, ஊதுகுழல். சரியா வருமா?" என்று கேட்டாள். நன்றாக வரும் என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

பிராக்டிகலுக்கு முந்தின நாள் அவளுக்கு உளவியல் செய்முறை. வேறு அறையில் இருந்தாள். பிள்ளைகள் என் பொறுப்பில். கடைசியாக ஒருமுறை என் பாடத்தை நடத்திப் பார்க்க எனக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நான் கரும்பலகையில் எரிதல் என்று எழுதினேன்.

இருபது நிமிடம் நடத்தினேன். எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, வெப்பம். நான் சொல்ல அவர்கள் சொல்ல, அவர்கள் சொல்ல நான் சொல்ல, நாலு தடவை ஒப்பிக்க வைத்தேன். பிறகு பலகையை நன்றாகத் துடைத்தேன். "இத மாரீஸ்வரி அக்காட்ட சொல்லாதீங்க. நாளைக்கு அவங்களுக்கு சர்ப்ரைஸ்," என்று சொல்லிக் கூடுதலாக ஒரு பஃப்சும் கொடுத்தேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

படித்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், நான்தான் இதைச் செய்தேன். பேய் எதுவும் பிடிக்கவில்லை.

4. காற்று போகாத குழாய்

வெளியிலிருந்து தேர்வாளர் ஒரு அம்மா வந்திருந்தார். மாரீஸ்வரி ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளர், பட்டாசுக்குச் சுற்றுகிற வெறும் காகிதக் குழாய் ஒன்று, இவற்றோடு உள்ளே போனாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குழாய் எதற்கு என்று யோசித்தேன், பாடத்திட்டத்தில் அது இல்லையே.

அவள் அடுப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. "இன்னைக்கு என்ன பாடம் நடத்தப் போறேன்?" என்று நேராகக் கேட்டாள்.

"எரிதல்!" என்று பதினெட்டுப் பேரும் கத்தினார்கள்.

"எரியணும்னா என்னென்ன வேணும்?"

"எரிபொருள், காற்று, வெப்பம்!"

தேர்வாளர் புருவத்தைத் தூக்கிப் பாடத்திட்டத்தைப் பார்த்தார். நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன். சந்தோஷத்தில்தான்.

மாரீஸ்வரி மெழுகுவர்த்தியை ஏற்றினாள். டம்ளரைக் கவிழ்த்து மூடினாள். சுடர் சிறுத்து அணைந்தது.

"ஏன் அணைஞ்சது?"

"காத்து இல்லக்கா."

"சரி." காகிதக் குழாயை எடுத்துக் காட்டினாள். "இதுக்குள்ள மருந்த வச்சு ரெண்டு பக்கமும் இறுக்கி அடைக்கோம். உள்ள காத்து போக வழி இருக்கா?"

"இல்லக்கா."

"பெறகு திரியக் கொளுத்துனதும் எப்படி எரியுது? மெழுகுவர்த்தி அணைஞ்சு போச்சே, இது ஏன் அணையல?"

நான் நாலு தடவை ஒப்பிக்க வைத்த மூன்றும் அங்கே எதற்கும் உதவவில்லை. அவள் பதிலைச் சொல்லாமல் நின்றாள். ஒருவன், திரி வழியாகக் காற்று போகும் என்றான். இன்னொருவன் இல்லை என்று சண்டைக்கு வந்தான். கடைசியில் பாண்டிமீனா எழுந்தது.

"உப்பு கூடுனா மருந்து சுருக்கா எரிஞ்சிரும்னு எங்கம்மா சொல்லும்க்கா. உப்புலதான் என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு?"

"காத்து... ஆக்சிஜன் இருக்குமாக்கா?"

மாரீஸ்வரி திரும்பிப் பலகையில் வெடியுப்பு என்று எழுதினாள். சூடு பட்டதும் அதிலிருந்து ஆக்சிஜன் வருகிறது, மருந்து தனக்கு வேண்டியதைத் தானே வைத்திருக்கிறது, அதனால்தான் மருந்தில் பிடித்த தீயை மூடி அணைக்க முடிவதில்லை என்று விளக்கினாள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். அவர்கள் அம்மாமார் தினமும் கையால் அள்ளுகிற மருந்து அது.

அந்தப் பதில் எனக்குத் தெரியாததா? எம்.எஸ்சி. படித்தவள் நான். பட்டாசு ஊரில் பத்தொன்பது வருடம் எரிதல் நடத்தியிருக்கிறேன், இந்தக் கேள்வியை ஒரு வகுப்பிலும் கேட்டதில்லை. புத்தகத்தில் இல்லை, அதனால் கேட்கவில்லை.

பாடம் முடிந்ததும் தேர்வாளர் கேட்டார்: "பிள்ளைகளுக்கு அடிப்படையெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கே, எப்படி?"

"எங்க விஜயா டீச்சர் நேத்தே நடத்தி வச்சிட்டாங்க மேடம். அதனாலதான் எனக்கு இதுக்கெல்லாம் நேரம் கெடச்சது. அவங்களுக்கு நன்றி சொல்லணும்," என்றாள் மாரீஸ்வரி.

பாடம் பார்க்க வந்திருந்த டீச்சர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

அடுத்து என் பாடம். லிட்மஸ் தாள் சிவந்தது, நீலமானது, எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பாதியில் பாண்டிமீனா எழுந்து, "டீச்சர், புளி போட்டு வெளக்குனா செம்புச் சட்டி ஏன் பளபளன்னு ஆகுது?" என்று கேட்டது. அமிலப் பாடத்துக்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அது மேல் வகுப்புல வரும். உக்காரு."

சொன்ன பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. பாண்டிமீனா உட்கார்ந்துவிட்டது. தேர்வாளர் எழுத ஆரம்பித்தார்.

5. லேபில்

இரண்டு பேரும் தேறினோம். பிராக்டிகலில் அவளுக்குத்தான் மார்க் அதிகம். ஜூனில் ஒன்பதாம் வகுப்பு சயின்ஸ் அவளுக்குப் போயிற்று, எனக்கு ஏழும் எட்டும். என் பழைய பிள்ளைகள் வராந்தாவில் அவளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போவதை ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் இருந்து பார்ப்பேன். சாப்பாடு இறங்காது.

ஒரு மாதம் பொறுத்தேன். மார்க் போனதைவிட அந்த நன்றிதான் என்னைப் படுத்தியது. உதவி செய்தவள் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், நான் அந்தப் பேரை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் பள்ளி விட்டதும் லேபுக்குப் போனேன். மறுநாள் வகுப்புக்குக் கரைசல் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"மாரீஸ்வரி, அன்னைக்கு நான் உன் பாடத்த நடத்துனது உனக்கு ஒத்தாசைக்கு இல்ல. நீ கெட்டுப் போகணும்னுதான் நடத்துனேன்."

அவள் பீக்கரைக் கீழே வைக்கவில்லை. "தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"பிள்ளைக எங்க தெருதான? வேன்லருந்து இறங்குனதும் நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சுக. நீங்க சொல்லக் கூடாதுன்னு சொன்னீகன்னும் சேத்தே சொல்லிருச்சுக. பஃப்ஸ் குடுத்ததையும் சொல்லிருச்சுக."

நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். இருபது நாள் சேர்ந்தாற்போல் அந்தப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஏழு மணிக்கு வேன் ஏறினால் அவர்கள் எங்கே போகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை.

"அப்புறம் ஏன் எல்லார் முன்னாடியும் நன்றி சொன்ன?"

"அம்புட்டுப் பேர் முன்னாடி வேற என்னத்தச் சொல்ல? திட்டவா முடியும்? நன்றி சொன்னா உங்களுக்கு ஒறைக்கும்னு தெரியும். ஒறைச்சதா?"

"ஒறைச்சது."

"எனக்கும் பிள்ளைக வந்து சொன்ன அன்னைக்கு ராத்திரி பூரா அழுகைதான் டீச்சர். எங்கம்மாதான் அந்தக் குழாயக் கையில குடுத்து, இத வச்சு என்னமும் செய்ய முடியுமான்னு பாருன்னுச்சு." அவள் கரைசலைக் கலக்கிப் புட்டியில் ஊற்றி, லேபிள் ஒட்டி, அலமாரியில் வைத்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "அடுத்த வருசம் சார் ரிட்டயர் ஆகுறாக. பத்தாங்கிளாஸும் கேக்கப் போறேன். உங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன், என்னைய மாதிரி பிள்ளைக சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டாம்."

பத்தாம் வகுப்பை நானும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொறாமை எனக்குப் போகவில்லை, போய்விட்டது என்று இங்கே எழுதினால் பொய். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: வகுப்பில் நாம் செய்வது ஒவ்வொன்றும் அன்றைக்கே ஏதோ ஒரு வீட்டில் போய்ச் சேர்ந்துவிடும். போன வாரம் எட்டாம் வகுப்பில் ஒருவன் எழுந்து, பட்டாசுக் கம்பெனிக்குள் ஏன் செருப்புப் போட விடுவதில்லை என்று கேட்டான். மணி அடிக்க மூன்று நிமிடம்தான் இருந்தது. உட்காரச் சொல்ல வாய் வந்தது. பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று அவனைக் கேட்டேன்.