பார்ஷ் மீனுக்கு ஒரு தடி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் டொச் என்கிற ஜேர்மன் மொழி பேசுகிற வாய் ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது. நான் பிறப்பதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் மன்னாரிலிருந்து எசன் நகரத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் தபாற்பெட்டியில் ஒரு கடிதம் விழுந்தால் என்னைத்தான் தேடுவார்கள். வதிவிட அலுவலகம், வீட்டுச் சொந்தக்காரர், காப்புறுதி, எதற்கு டெர்மின் என்று சந்திப்பு நேரம் எடுத்தாலும் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரை எனக்கு. அம்மாவின் வயிற்றில் கட்டி இருப்பதை வைத்தியர் முதலில் என்னிடம்தான் சொன்னார். வகுப்பு ரீச்சர் என்னைப் பற்றி அப்பாவிடம் முறையிட்டபோதும் மொழிபெயர்த்தது நான்தான். அதில் மட்டும் கொஞ்சம் கைவைத்தேன்.

அலுவலகங்களில் அப்பாவிடம் பேசும்போது காது கேளாதவரிடம் பேசுவதுபோலச் சத்தம் போடுவார்கள். அப்பா தலையைத் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது. இந்த உத்தியோகத்திலிருந்து எப்படியாவது விலகிவிட வேண்டும் என்பதுதான் அந்த வருஷம் எனக்கிருந்த ஒரே ஆசை. விலகல் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்பாவுக்கு அந்த வருஷம் வேறோர் ஆசை. இந்த நாட்டில் மீன் பிடிக்கப் பரீட்சை எழுத வேண்டும். நான் கேள்விகளை வாசித்துக் காட்ட, அவர் மூன்று மாதம் குசினி மேசையில் இருந்து பாடமாக்கி, அந்தப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டார். பிறகு சந்தையில் யாரோ விற்ற பழைய தூண்டில் தடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஞாயிறுதோறும் கால்வாய்க் கரைக்குப் போனார். தடி என்றால் உலக்கை மாதிரி. ஊரில் அவர் தடியே பிடித்ததில்லை. தங்கூசி நூலை விரலில் சுற்றிக் கடலில் விட்டுப் பிடித்தவர். தடி என்று ஒன்று வாங்கினால் முறியாததாக வாங்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கால்வாயில் இருந்ததோ பார்ஷ். பச்சை உடம்பில் கறுப்புக் கோடு போட்ட, உள்ளங்கை அளவு மீன். கோடை முடிந்தும் அப்பாவுக்கு ஒன்றுகூட அகப்படவில்லை.

தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது ஆட்கள் விடமாட்டார்கள். "என்னண்ணை, இண்டைக்கும் மீனுக்கு லீவோ?" என்று கேட்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். மன்னார்க் கரையில் பிறந்தவருக்கு ஒரு சுண்டுவிரல் மீனும் அகப்படவில்லை என்பது சின்ன அவமானம் இல்லை.

கடைசியில், சனிக்கிழமை மீன்பிடிக் கடைக்குப் போகிறோம் என்றார். அன்றைக்கு மூன்று மணிக்கு என் சிநேகிதியின் பிறந்தநாள் கொண்டாட்டம். அவளுடைய போன இரண்டு பிறந்தநாட்களையும் டெர்மின்கள் தின்றுவிட்டன. அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், நேரே அங்கே இறக்கிவிடுகிறேன் என்று அப்பா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நான் புதுச் சட்டை போட்டு, பரிசுப் பையையும் கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் மெலிந்த, பொறுமையான மனிதர். எந்தத் தண்ணீர், எந்த மீன், எத்தனை கிராம் ஈயம் என்று கேட்டார். அப்பா பழைய தடியின் பருமனைக் கைவிரலால் வளைத்துக் காட்டியதும் கடைக்காரருடைய மீசை கொஞ்சம் ஆடியது. அது ஆளுயரக் கெளுத்தி பிடிக்கிற தடியாம். பார்ஷ் வெடுக்கென்று கடிக்காது. தூண்டிலில் மாட்டிய சின்ன இரப்பர் மீனை மெல்ல உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும். அந்த ஒரு கணம் கையில் தெரிய வேண்டும். அதற்கு ஈர்க்குப் போன்ற மெல்லிய தடி வேண்டும். அடி விறைப்பாக இருக்க, நுனி மட்டும் இளகி நிற்க வேண்டும். நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா ஒவ்வொரு தடியையும் நிலத்தில் ஊன்றி அமத்திப் பார்த்தார். முறிந்துபோகும் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். முறியாது என்று கடைக்காரர் சொன்னார். அதையும் சொன்னேன். இப்படியே முக்கால் மணித்தியாலம் போனது.

கடைக்காரர் ஒரு வித்தை காட்டினார். தடியின் பிடியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, நுனியைத் தன் தொண்டையில் வைத்து "ம்ம்ம்" என்று முனகினார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முனகல் தடி வழியாக வந்து அவருடைய உள்ளங்கையில் அதிர்ந்திருக்கிறது. எந்தத் தடியில் குரல் நன்றாகத் தெரிகிறதோ, அதில்தான் மீனும் தெரியும் என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் வேறொருவரைக் கவனிக்கப் போனார். அப்பா என் பக்கம் திரும்பி நுனியை என் தொண்டையில் வைத்தார்.

"கதை பிள்ளை."

என்ன கதைப்பது? முதலாவது தடிக்கு ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். அப்பா உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதுக்கு அருள்நிறை மரியே செபம். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் வாரத்தின் நாட்களும் பன்னிரண்டு மாதங்களும். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். புதுச் சட்டையும் பரிசுப் பையுமாக, தொண்டையில் ஒரு தடியோடு நின்று நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது தடிக்கு அப்பாவின் பழைய பரீட்சைக் கேள்விகளை ஒப்பித்தேன். சுவர் மணிக்கூட்டில் நேரம் மூன்றைத் தாண்டிவிட்டது.

"இன்னொருக்கா," என்று அப்பா ஆறாவது தடியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. குரல் எழும்பவில்லை. அப்பா தடியில்தானே கவனமாக இருக்கிறார், சொல் எதுவானால் அவருக்கென்ன என்று ஒரு துணிவும் வந்தது. வெறும் மூச்சால் சொன்னேன்:

"எனக்கு இனி உங்களோட ஒரு இடமும் வர விருப்பமில்லை அப்பா. எனக்கு வெக்கமா இருக்கு."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. பிறகு நுனியை மெதுவாக என் தொண்டையிலிருந்து எடுத்தார்.

"இதுதான் பிள்ளை. இது காணும், வேற வேண்டாம்."

விலை குறைக்கச் சொல்லிக் கேள் என்றுகூட என்னை ஏவவில்லை. தானே தடியைத் தூக்கிக்கொண்டு போய், இதைத் தாருங்கள் என்று கடைக்காரரிடம் டொச்சில் சொன்னார். ஒரு வேற்றுமை உருபு பிழை. கடைக்காரருக்கு விளங்கியது. பிறந்தநாள் கேக் வெட்டும் நேரத்துக்கு நான் போய்ச் சேர்ந்துவிட்டேன், இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு அப்பா ஒரு பார்ஷ் பிடித்தார். அதற்கடுத்த கிழமை மூன்று. கோயில் வாசலில் அவர் சொல்லச் சொல்ல மீன்கள் வளர்ந்துகொண்டே போயின, லீவு கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இதைவிட ஆச்சரியமான இன்னொன்றும் நடந்தது. அடுத்த டெர்மினுக்கு நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு தயாராக நிற்க, "நீ இருந்து படி, நான் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அப்பா தனியாகப் போனார். பின்னேரம்தான் திரும்பி வந்தார். படிவத்தைப் பிழையாக நிரப்பியிருந்ததால் மறுநாளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். குளிர்காலம் முழுவதும் வேலை முடிந்த களைப்போடு இரவு வகுப்புக்குப் போய் வினைச்சொற்களைப் பாடமாக்கினார். அம்மாவை வைத்தியரிடமும் அவரே கூட்டிக்கொண்டு போனார். எனக்குத் துள்ளிக் குதிக்காத குறை. மாதாவைத்தான் இதற்காக நேர்ந்திருந்தேன் என்பதால், என் சேமிப்பிலிருந்து அவருக்குப் பெரிய மெழுகுதிரி ஒன்று கொளுத்தினேன். அப்பாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை.

போன மாதம் அப்பாவின் தடி நுனி முறிந்துவிட்டது. அவருடைய பிறந்தநாளுக்குப் புதியது வாங்கலாம் என்று என் கணவரோடு ஒரு கடைக்குப் போனேன். நான் பிடியைப் பிடித்துக்கொண்டு, நுனியைக் கணவருடைய தொண்டையில் வைத்துக் கதைக்கச் சொன்னேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினார், என் உள்ளங்கை கூசியது. பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, வெட்கத்தில் குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் பாக்கினம், காணும்" என்று மூச்சால் சொன்னார்.

தடியில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் அதேபோல் சொல்லச் சொன்னேன். ஒன்றுமேயில்லை. மூச்சால் பேசினால் தொண்டை அதிராது என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். ஆனால் ஆறடி தள்ளி நின்ற எனக்கு அவர் சொன்னது சொல் சொல்லாகக் கேட்டது.

ஆறாவது தடியில் அப்பாவின் கைக்கு ஒன்றும் வந்திருக்காது, காதுக்குத்தான் வந்திருக்கும். அது நல்ல தடியா, கூடாத தடியா என்று தெரியாமலேதான் அவர் அதை வாங்கியிருக்கிறார். ஏழாவதை எடுத்து என்னை இன்னொரு தரம் கதைக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.