கப்பல் மேசையில் பருத்தித்துறை வடை

மாலை நான்கு மணி. கதவு திறந்ததும் முதலில் தெரிந்தவை வெள்ளைக் கையுறைகள்தாம். பரிசாரகர்கள் வரிசையாக வந்து வெள்ளித் தேநீர்க் கேத்தல்களை மேசைகளில் வைத்தார்கள். கப்பல் முந்தைய நாள்தான் ஹாம்பர்க் துறைமுகத்தை விட்டிருந்தது. ஆனால் அந்த மண்டபத்தில் ஜெர்மனியின் சாயலே இல்லை. சுவரில் ஆங்கிலேயச் சீமான்களின் குதிரைகள், மூலையில் ஒரு பியானோ, யாரும் குரல் உயர்த்தாத பேச்சு.

அக்காவின் மகளை மணக்கவிருந்தவனின் தாய் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியைச் சேர்ந்தவர். இரு குடும்பங்களும் பழகட்டும் என்று அவர்தான் இந்தக் கப்பல் பயணத்துக்கு அழைத்திருந்தார். அத்தான் உயிரோடு இல்லாததால் தாய்மாமன் என்ற முறையில் நானும் போனேன். ஜெர்மனியின் ஹம் நகரில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் அக்காவுக்கு ஒரே எண்ணம்தான். கலியாணச் சாப்பாடு பெண் வீட்டாருடையதாக இருக்க வேண்டும். அதைக் கப்பலில் கேட்டுவிடுவதென்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தார். “வெறுங்கையோட போய்க் கேக்கேலாது தம்பி. வடையை ஒருக்கா ருசிச்சுப் பாத்தால் ஓம் எண்டுவினம்” என்றார்.

ஸ்கோன் என்னும் சிறு ரொட்டி வந்தது. தங்கள் ஊரில் முதலில் ஜாம், அதன் மேல்தான் கிரீம். பக்கத்து டெவன் பகுதியில் தலைகீழ் என்று சம்பந்தியம்மா விளக்கினார். “எதை முதல் பூசினாலும் வயித்துக்குள்ள ஒண்டாத்தானே கிடக்கப்போகுது” என்று அக்கா என் காதில் சொன்னார். பிறகு கைப்பையிலிருந்து, எங்கள் ஊர்ப் பருத்தித்துறை வடைகள் நிறைந்த ஒரு டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, மேசை நடுவில் வைத்தார். செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் மணத்தன. பக்கத்து மேசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதது எங்கள் வழக்கம். கப்பல் யாருடைய வீடும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பரிசாரகர் குனிந்து, வெளி உணவை இங்கே வைக்க அனுமதி இல்லை என்று மெதுவாகச் சொன்னார். இது யாருடையது என்று கேட்டார். அக்காவின் மகள் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தார். பிறகு ஜெர்மன் மொழியில், “எங்களுடையது இல்லை” என்றார்.

கைப்பை இன்னும் அவர் மடியில் திறந்தபடி கிடந்தது. சம்பந்தியம்மா அதைப் பார்த்தார். “முன்பு இங்கே இருந்தவர்கள் மறந்துபோயிருப்பார்கள்” என்று புன்னகையோடு சொல்லி, அக்காவின் கோப்பையில் தேநீர் ஊற்றினார். அவர் கோபித்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அந்த மரியாதைக்கு முன்னால் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. வெள்ளைக் கையுறை ஒன்று டப்பாவை எடுத்துக்கொண்டு போனது.

பிறகு மேல்தளத்தில் நின்றபோது, சாப்பாட்டுப் பேச்சை எடுக்கவே இல்லையே என்று கேட்டேன்.

“பிள்ளை தலையைக் குனிஞ்சிட்டாளடா. அதுக்குப் பிறகு என்னத்தைக் கேக்கிறது?” என்றார் அக்கா. பிறகு, “அவையள் ஒரு வடையையாவது எடுத்துக் கடிச்சுப் பாத்திருக்கலாம்” என்றார்.

கலியாணம் அடுத்த கோடையில் பான் நகரில் நடந்தது. சாப்பாட்டை மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்தார்கள்.