இருநூற்றுப் பதினான்காம் வரி

வத்ஸலா சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஏனாத்தூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வந்த பேராசிரியை. கம்ப்யூட்டருக்குப் பழைய விவரங்களைக் கொடுத்து, நடக்கப்போவதைக் கணிக்கப் பழக்குவது அவள் ஆராய்ச்சி. மனிதர்களைக் கணிப்பதில் மட்டும் கொஞ்சம் மந்தம்.

2003இல் காசநோயாளிகள் அறுநூறு பேரின் விவரம் கிடைத்தது. யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவார்கள் என்று மெஷின் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நூற்றுக்கு எண்பத்துமூன்று சரியாகச் சொன்னது. பெயர்களை முதல் நாளே நீக்கிவிட்டிருந்தாள். அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. மறுநாள் கருத்தரங்கில் கொடுக்க, நோயாளிகள் பட்டியலோடு கட்டுரையின் அறுபது பிரதிகள் தயாராயின. அவளுடைய பதவி உயர்வே அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது.

பிரதிகளுக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்த லேப் உதவியாளர் லில்லி ஒரு பக்கத்தில், இருநூற்றுப் பதினான்காம் வரியில் நின்றுவிட்டாள்.

"மேடம், இது எங்க அண்ணன்."

"பேரெல்லாம் எடுத்துட்டேனேம்மா."

"பேரு எதுக்கு மேடம்? ஊரு கூரம், நாப்பத்தோரு வயசு, கிளாரினெட் வாசிக்கிறவரு, மூணு பொண்ணுங்க. வேற யாரு இருக்காங்க?" லில்லி அந்த வரியை மறுபடி படித்தாள். "ஆறு மாசம் மாத்திரை சாப்ட்டு முடிச்சிட்டாராம். ஞாயித்துக்கெழம தவறாம எங்க வூட்லதான் சாப்ட்டுக்கினு இருந்தாரு. ஒரு வார்த்த சொல்லல."

பக்கத்தைக் கவிழ்த்து வைத்து, "வாயில வெச்சி ஊதற தொழிலு மேடம். இது வெளிய தெரிஞ்சா யாரு கூப்புடுவாங்க?" என்றாள்.

வத்ஸலா இன்னொரு பக்கத்தை நீட்டினாள். லில்லி அதிலும் மூன்று பேரை யாரென்று சொன்னாள், தாமல் ஊர் சைக்கிள் கடைக்காரர் உட்பட. வத்ஸலாவுக்கு வெட்கமாக இருந்தது.

ஊரையும் தொழிலையும் நீக்கிப் பார்த்தாள். எண்பத்துமூன்று அறுபத்தொன்றாக இறங்கியது. "இதுக்கு எதுக்கும்மா கருத்தரங்கம்?" என்றார் துறைத் தலைவர் வாசுதேவ். கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். அறுபது பிரதிகளையும் அவளும் லில்லியுமாகக் கிழித்தார்கள். பதவி உயர்வு நான்கு வருஷம் தள்ளிப்போயிற்று.

அதன்பின் அவள் ஆராய்ச்சியே அதுதான்: யாரையும் காட்டிக்கொடுக்காமல் மெஷினுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது. எந்தப் பட்டியலும் முதலில் லில்லி கைக்குத்தான் போகும். லில்லி ஒருவரைக் கண்டுபிடித்தாலும் வேலை மறுபடி முதலிலிருந்து. மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள்.

2009இல் லில்லியின் மகள் பிரவீனாவுக்குக் கல்யாணம். வாசித்து முடித்ததும் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே ஒருவர் வத்ஸலாவிடம் வந்தார்.

"நான் லில்லி அண்ணன், ஜான்சன். உங்களப் பத்தி எப்பவும் சொல்லிக்கினே இருக்கும் மேடம். என்னை உங்களுக்குத் தெரியாது."

லில்லி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுங்க," என்றாள் வத்ஸலா. "ரொம்ப நல்லா வாசிச்சீங்க."