ரயிலும் நிற்கும் என்று சொன்னவன்

பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையின் புகைபோக்கியைத் தூக்கி நிறுத்தியது யார்? நான். இரண்டு துரைமார் முடியாது என்று கைவிட்ட வேலை அது. கிள்ளான் ஆற்றோரம் சேற்றில் சாய்ந்துகொண்டிருந்த தண்ணீர்த் தொட்டியை நிமிர்த்தியது? அதுவும் நான்தான். கோயிலுக்கு இரும்புக் கதவு அடித்தபோது என் இடது கை முறிந்து கட்டுப் போட்டிருந்தது. படிப்பு மூன்றாம் வகுப்பு... அதுவும் முழுசாக இல்லை.

'கிழவன் ஆரம்பித்துவிட்டான்' என்று வாராவாரம் இந்தப் பேப்பரில் சிரித்துக்கொண்டே படிக்கிறீர்கள். எனக்குத் தெரியும். இந்த வாரமும் நான் செய்த ஒன்றைப் பற்றித்தான். ஆனால் இதை இதுவரை எழுதியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை சலூனில் உட்கார்ந்திருந்தேன். முகமெல்லாம் சோப்பு நுரை. ஒரு பக்கம் சிரைத்து முடித்த கடைக்காரத் தம்பி, கத்தியைத் தீட்டிக்கொண்டே பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கதை சொன்னான்.

"கிள்ளான் பக்கத்துல வெள்ளைக்காரன் ஒரு மிசின் வெச்சிருந்தானாம்ணே. அடுத்த சண்டைக்கு. அதைத் திருப்பினா போதும், கண்ணுக்குத் தெரியாத கதிரு பாயும். மோட்டாரெல்லாம் அப்படியே நின்னுரும். சீமையிலேருந்து ஒரு புரொபசர் வந்து செஞ்சாராம். சோதனை பண்றப்ப ஒரு லோரி தண்டவாளத்து மேல நின்னு... டிரைவர் போயிட்டான்."

"கதிருமில்ல, கத்திரிக்காயுமில்ல லா," என்றார் அந்த ஆள். "எல்லாம் கள்ளு. மப்புல கெடந்தான், ரயிலு அடிச்சிருச்சு. ஊருக்கே தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். நான் துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு, பாதிச் சவரத்தோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அந்த டிரைவர் பெயர் சூசை. என் சிநேகிதன். கள்ளுக்கடை இருக்கும் பக்கம்கூட நடக்காதவன். அந்த மிசின் — அதைச் செய்தது எந்தப் புரொபசரும் இல்லை. நான்தான்.

பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பந்திங் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் என் பட்டறைக்கு வந்து ஒரு படத்தை நீட்டினார். பெரிய தகரப் புனல். வாய் மட்டும் எட்டடி அகலம். "எதுக்கு துரை?" என்று கேட்டேன். "உன் வேலையைப் பார்" என்றார். சுருக்கென்று தைத்தது. எதற்கென்று தெரியாமலே ஒன்றைச் செய்து கொடுப்பது எவ்வளவு கேவலம் என்று கைவேலைக்காரனைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சமயத்தில்தான், மோட்டாரை நிறுத்தும் கதிரைச் சீமையில் எவரோ கண்டுபிடித்துவிட்டதாகப் பத்திரிகையில் வந்தது. கோப்பிக்கடையில் ஒருவர் உரக்கப் படித்தார். அப்போது மழைக்காலம். கிள்ளான் ரோட்டில் லோரிகள் அடிக்கடி நின்றுகொண்டிருந்தன. மோட்டாருக்குப் பொறி கொடுக்கும் மேக்னட்டோவில் ஈரம் ஏறினால் நிற்காமல் என்ன செய்யும்? ஆனால் கடையில் எல்லோரும் கதிர்தான் என்றார்கள். நான் சும்மா இருப்பேனா?

"அந்த மிசினோட வாயே நான் அடிச்சதுதான்," என்றேன். "வெளிய சொல்லக்கூடாதுன்னு துரை சத்தியம் வாங்கியிருக்காரு."

யாரோ எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். புகைபோக்கி நிறுத்தியபோதுகூட அப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை!

கூட்டத்தில் இருந்த சூசை மட்டும் யோசித்தான். "அண்ணே, மோட்டாரு சரி. ரயிலு?"

இங்கேதான் வாயை மூடியிருக்க வேண்டும். மோட்டார் மின்பொறியில் ஓடுவது. ரயில் நீராவியில் ஓடுவது. பொறியை அணைக்கிற கதிர் ஒன்று இருந்தாலும், கொதிக்கிற தண்ணீரை அது என்ன செய்யும்? இரும்போடு கிடந்த எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் பத்துப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்...

"ரயிலும் நிக்கும்டா," என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில், பந்திங்கில் அதே துரையின் தோட்டத்திலிருந்து ரப்பர்க் கித்தா ஏற்றி வந்த சூசையின் லோரி, கேட் இல்லாத ஒரு கிராசிங்கில், தண்டவாளத்தின் மேலேயே நின்றுபோனது. கூட இருந்தவன் லோரியில் சரக்கு ஏற்றி இறக்கும் காளிமுத்து. அன்று சாயங்காலம் அவன் நேரே என் பட்டறைக்கு வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வளைவுக்கு அந்தப் பக்கம் ரயில் ஊதியதும் காளிமுத்து குதித்துவிட்டான். "அண்ணே, எறங்குங்க! ரயிலு வருது!"

சூசை இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி சிரித்தானாம். "ஏண்டா பதறுற? மிசினைத் திருப்பிட்டான், அதான் வண்டி நின்னிருச்சு. ரயிலும் நிக்கும். பட்டறை அண்ணன் சொல்லியிருக்காரு."

எஞ்சின் முகம் வளைவில் தெரிந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தானாம்.

நான் காளிமுத்துவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "இதை யார்கிட்டயும் சொல்லாதே." அவன் சொல்லவில்லை. மறு வருஷம் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டான். இங்கே பாதிப் பேர் கதிர் என்றார்கள். மீதிப் பாதி கள் என்றார்கள். உண்மை என் ஒருவனிடம் தங்கிவிட்டது.

அந்தப் புனலைப் பிறகு ஒரு முறை பார்த்தேன். தோட்டத்தில் கித்தாவைப் புகை போட்டு உலர்த்தும் கூடத்தின் கூரையில், கரி படிந்து, புகையை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் அதன் ரகசியம். சூசை கடைசியாக ஏற்றி வந்த கித்தாவும் அதன் அடியில் தொங்கி உலர்ந்ததுதான்.

சலூனிலிருந்து நேரே சூசையின் மனைவி லூர்து வீட்டுக்குப் போனேன். தையல் மிசினில் இருந்தாள்.

"வாங்கண்ணே. என்ன, பாதி மூஞ்சிக்குத்தான் சவரமா?" என்று சிரித்தாள். பிறகு, சலூனில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று தெரிந்துகொண்டவள்போல, தானாகவே சொன்னாள். "நீங்கதான் பேப்பர்ல எழுதுறீங்களே. அவரு குடிக்கலன்னு ஒரு தடவை எழுதுங்கண்ணே. அந்த மிசினு நெசந்தான், நான்தான் செஞ்சேன்னு உங்க பேரு போட்டு எழுதுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

நான் சொன்னால் நம்புவார்கள். சூசை நம்பினானே!

இரண்டு நாள் உட்கார்ந்து இதை எழுதினேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவளிடம் போய்ப் படித்துக் காட்டினேன். தைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சிரிச்சாரா?"

"ஆமாம்மா."

"போடுங்க," என்றாள். நான் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். தையல் மிசின் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கேட்கவில்லை.

ஆகவே, ஊராரே, சூசை குடிக்கவில்லை. கதிரும் அவனைக் கொல்லவில்லை. வண்டி ஈரத்தில் நின்றது. அவன் இறங்காமல் உட்கார்ந்திருந்தது என் வார்த்தையை நம்பி.

சலூன்காரத் தம்பி, கதை சொல்வதை நீ விடமாட்டாய். சொல்லு. ஆனால் இனிமேல் அந்தப் புரொபசரை அதிலிருந்து இறக்கிவிடு. செய்தது பிரிக்பீல்ட்ஸ் பட்டறை வேலாயுதம்... என் பெயரை விட்டுவிடாதே.