எடுக்க எடுக்க வந்து உட்கார்ந்த டிக்

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ஒரு ரிக் ஆபீசுக்கு நான் எழுதிய முதல் புரோகிராம் அது. படித்து முடித்த சூடு இன்னும் ஆறாமல், ஊரில் உள்ள எல்லா நோட்டுகளையும் ஒரே வாரத்தில் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிடலாம் என்று நம்பிய காலம். காலம் என்றால், போன வருடம்தான்.

போர்வெல் வண்டி டிரைவர்கள் தினமும் போனில் ஒரு படிவத்தைத் திறந்து, எந்த ஊரில் இருக்கிறார்கள், வண்டி எப்படி இருக்கிறது என்று நிரப்ப வேண்டும். அடியில் ஒரு சின்னப் பெட்டி: 'வெளி மாநிலம் போகச் சம்மதம்.' அதில் டிக் போட்டவர்களின் பட்டியல் திங்கட்கிழமை காலை மேனேஜர் கைக்குப் போகும். பெயர் இருந்தால் மூன்று நான்கு மாதம் ராஜஸ்தான்.

எழுதும் முன் மேனேஜரிடம் கேட்டேன். "டிரைவர் எதுக்காச்சும் பதில் போடாம உட்டா என்னங்க பண்றது?"

"அவன் ஒண்ணும் சொல்லலீன்னா பழையபடிதான் கண்ணு. இருபது வருசமா இங்க அதான் பழக்கம்."

அப்படியே எழுதினேன். புதுப் பதில் வந்தால் மாற்று. வராவிட்டால் பழையதையே வைத்துக்கொள். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஒரு சனிக்கிழமை டிரைவர் ஒருவர் போனை நீட்டிக்கொண்டே வந்தார். அவர் மனைவிக்குத் தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதிக்கு எட்டு நாள் இருந்தது.

"அம்மிணி, அஞ்சு நாளா இந்த டிக்கை எடுக்கறேனுங்க. சேவ் பண்ணித் தொறந்தா மறுபடி வந்து குந்திக்குது."

"சரியா எடுத்தீங்களா?" என்றேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"பூமிக்குள்ள பைப்பு எறக்கற கையிங்க. டிக் எடுக்கத் தெரியாதுங்களா?"

மேனேஜர் பக்கத்து மேசையிலிருந்து, "நீயே போட்டுட்டு இப்ப கம்ப்யூட்டரைக் குத்தஞ் சொல்றயாப்பா? பட்டியல்ல பேரு இருந்தா திங்கக்கெழமை வண்டி ஏறோணும்" என்றார்.

"ஏறுனா, பொறக்கற கொழந்தையைப் போன்லதானுங்க பாக்கோணும்."

நான் சோதித்ததை நினைத்துப் பார்த்தேன். டிக் போட்டேன், வேலை செய்தது, டீ குடிக்கப் போய்விட்டேன். எடுத்துப் பார்க்கவே இல்லை. டிக் இருந்தால் பிரவுசர் சர்வரிடம் சொல்லும். இல்லாவிட்டால் 'இல்லை' என்று சொல்லாது. அப்படியொரு பெட்டியே கிடையாது என்பதுபோல் வாயை மூடிக்கொள்ளும். என் புரோகிராம் அந்த மௌனத்தைக் கேட்டு, 'ஒன்றும் சொல்லவில்லையா, அப்படியானால் பழையபடி' என்று ஐந்து நாளாக அவரை ராஜஸ்தானுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

பெட்டிக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை அதே பெயரில் வைத்தேன். அது எப்போதும் பூஜ்யம், அதாவது 'இல்லை', என்று அனுப்பும். டிக் இருந்தால் பெட்டியிலிருந்து பின்னால் வரும் 'ஒன்று' என்ற எண் அந்தப் பூஜ்யத்தை மூடிவிடும். இரண்டே நிமிட வேலை. அதைச் சத்தமாகச் சொல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

அவரையே எடுக்கச் சொன்னேன். சேவ் செய்து, நம்பாமல் மூன்று முறை திறந்து பார்த்தார். பெட்டி காலி. மேனேஜரின் பட்டியலிலும் பெயர் இல்லை. "அப்ப அந்த வண்டிக்கு ஆளு?" என்று முனகியபடியே மேனேஜர் அடுத்த டிரைவருக்குப் போன் போட்டார்.

இவர் வாசலில் நின்று மனைவியை அழைத்தார். "ஏம்புள்ள, பேரை எடுத்தாச்சு. ஆமா, இங்கதான் இருப்பேன்." அந்தப் பக்கம் பேச்சு நீண்டது. போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார்.

"தொட்டில் கொக்கி மாட்டோணுமாம், ஊட்டுக்கு வெள்ளை அடிக்கோணுமாம், ஒட்டடை அடிக்கோணுமாம். ராஜஸ்தானே தேவலீங்க அம்மிணி" என்றவர், பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் பறந்துவிட்டார்.