மூன்று பாட்டில் சென்ட்

எனக்கு வயது எழுபத்தொன்று. நான் பெற்றது நான்கு, தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பேரை ஆளாக்கினேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் இருபத்தாறு வருடம் வேலை. கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். கடைசிப் பதினைந்து வருடம் கண்ணாடி முன்னால் கஸ்டமருக்குப் புடவை கட்டிக் காட்டினேன். கல்யாணப் பெண் போட்டிருக்கும் துணிக்கு மேலேயே கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு, ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவேன். கடை வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன், என் பேத்தி எழுதிக்கொள்கிறாள்.

1. ட்ரையல்

சென்னையிலிருந்து புது மேனேஜர் வந்து ஒரு மாதம் இருக்கும். காலையில் என்னையும் தேவகியையும் மேரியையும் ஸ்டாக் ரூமுக்குக் கூப்பிட்டார். என்னைப் போலவே அவர்களும் புடவை கட்டிக் காட்டுகிறவர்கள். ஆளுக்கு ஒரு சின்ன சென்ட் பாட்டில் கொடுத்தார்.

"நம்ம கடை பேர்ல சென்ட் போடப்போறோம்மா, புடவையோட கிஃப்ட்டா. மூணு நாள் போட்டுப் பாத்து எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க. சும்மா ட்ரையல்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அத்தனை வருடத்தில் அந்தக் கடையில் என்னை யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

அதனால் வேலையாகவே எடுத்துச் செய்தேன். மணிக்கட்டில் அடித்துக்கொள்ளவில்லை. சென்ட் பட்டால் சரிகை கறுத்துவிடும். காதுக்குப் பின்னால் மட்டும் தொட்டுக்கொண்டேன். போட்டதும் நாரத்தங்காய்த் தோலை நகத்தால் கீறின வாசனை. பஸ் ஏறி அரை மணி ஆனதும் அது போய் ரோஸ்மில்க் மாதிரி தித்திப்பு. மத்தியானம் வியர்வையில் ஊறினதும் பாச்சை உருண்டை. மூன்று நாளும் அப்படியேதான். அதே சென்ட் தேவகி உடம்பில் சாயங்காலம்கூடத் தாழம்பூவாக மணந்தது. மேரிக்குத் தலைவலி வந்தது. ஒரே பாட்டில், மூன்று உடம்பு, மூன்று வாசனை. மறக்காமல் இருக்க மேரியிடம் சொல்லிப் புடவைப் பெட்டி அட்டையில் எழுதவைத்தேன்.

2. சுமதி சொன்னது

மூன்றாம் நாள் சாப்பிடும்போது, எங்களோடு அதே வேலை செய்கிற சுமதியைக் கேட்டேன், உன் பாட்டில் எப்படி மணக்குது என்று.

"எந்த பாட்டிலுக்கா? எனக்கு ஒண்ணும் தரலியே" என்றாள்.

விஜயாவுக்கும் தரவில்லை. கண்ணாடி முன்னால் நிற்பது ஐந்து பேர். பாட்டில் மூன்று. நான் மாகறல் பக்கம், தேவகி வேறு ஊர், மேரி வேறு ஊர். ஆனால் மூன்று பேருமே ஊருக்கு வெளியே இருக்கும் காலனி. சுமதியும் விஜயாவும் ஊர்த் தெருக்காரர்கள். கையில் இருந்த சோற்றை அப்படியே டப்பாவில் போட்டு மூடினேன்.

வீட்டுக்காரர் அப்போது படுக்கையில். அவருக்கு மருந்து என் சம்பளத்தில்தான். பேசினால் வேலை போகலாம் என்று தெரிந்துதான் போனேன்.

சுமதிக்கு ஏன் தரவில்லை என்று மேனேஜரைக் கேட்டேன். முதலில், பாட்டில் தீர்ந்துவிட்டது என்றார். மேஜையிலேயே இரண்டு இருந்தது. அதைக் காட்டினேன். ஒரு கஸ்டமர் ஏதோ சொன்னதாகச் சொன்னார். என்ன சொன்னார், யாரைச் சொன்னார் என்று விடாமல் கேட்டேன்.

கடைசியில், "அவங்களுக்குத் தேவைப்படலம்மா" என்றார்.

"எங்கள மோந்து பாத்தீங்களா சார், ரெஜிஸ்டர்ல எங்க அட்ரஸ மோந்து பாத்தீங்களா?"

கஸ்டமரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தினமும் குளித்து, துவைத்த புடவை கட்டி, ஆயிரம் பெண்களின் இடுப்பில் கொசுவம் சொருகின கை இது. ஒருத்தி மூக்கைப் பிடித்தது கிடையாது.

3. ரிசல்ட்

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பையன் புதுசு, விடு, பாட்டிலைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்றார். தப்பு என்று அவரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"ட்ரையல்னு சொல்லிக் குடுத்தாரு முதலாளி. நான் மூணு நாள் ட்ரையல் பாத்துக்கினு வந்திருக்கேன். ரிசல்ட்ட எழுதிக்க சொல்லுங்க" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார், நிற்கிற கஸ்டமர்களைப் பார்த்தார். எழுதிக்கப்பா என்று மேனேஜரிடம் சொன்னார். அட்டையை எடுக்கவில்லை, மனப்பாடமாகவே சொன்னேன். நாரத்தங்காய், ரோஸ்மில்க், பாச்சை உருண்டை. தேவகிக்குத் தாழம்பூ, மேரிக்குத் தலைவலி. அவர் நின்றுகொண்டே எழுதினார்.

"பாச்சை உருண்ட நாத்தம் வந்தா கஸ்டமர் பழைய சரக்குன்னு நெனைக்கும். புடவக் கடைக்கு இந்த சென்ட்டு ஆகாது. அதையும் எழுதுங்க."

எழுதி முடித்ததும் காகிதத்தை வாங்கி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். எனக்கு எழுத வருவது அது ஒன்றுதான். நிதானமாகப் போட்டேன்.

வேலை போகவில்லை. பாட்டில் பேச்சு அதோடு நின்றது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, இதுவரைக்கும்.

தேவகி மட்டும் பாட்டிலைத் திருப்பித் தரவில்லை. வாசனை பிடித்திருக்கிறது என்று தினம் போட்டுக்கொண்டு வந்தாள். வெட்கமில்லையா என்று எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினேன். "அவன் குடுத்ததுக்கா போடறேன்? எனக்கு நல்லா இருக்குது, போடறேன்" என்றாள். மேனேஜர்மேல் இருந்த கோபத்தை அவள்மேல் இறக்கியது என் தப்பு. அவள் உடம்பு, அவள் வாசனை.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கடையில் எதையாவது இலவசமாகக் கொடுத்துப் போட்டுப் பார் என்றால், வாங்குவதற்கு முன்னால் வேறு யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். எல்லோருக்கும் என்றால் வாங்குங்கள். இல்லை என்றால் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

ஷாலினி, எழுதிட்டியா? ஆயாவுக்குக் கோவம் ஜாஸ்தின்னு எங்கயாவது கொறச்சி எழுதிக்கினு இருந்தா, அத அடிச்சிட்டு நான் சொன்ன மாதிரி போடு. இப்ப மொதல்லருந்து படி, கேக்கறேன்.